வெயில் படாத மருந்து

துப்பறியும் அருணாதேவியைத் தேடி வருகிறவர்கள் எதையாவது தொலைத்துவிட்டு வருவார்கள். பாஸ்போர்ட், கணவன், கிரிவலப் பாதையில் கழற்றிவிட்ட செருப்பு. தனக்குக் கிடைத்த வெற்றியின் மேல் சந்தேகம் என்று ஒருவர் கூப்பிட்டு அனுப்பியது அதுதான் முதல் தடவை. விஷயத்தைக் கேட்டதும், இந்த அம்மாவுக்குத் தேவை துப்பறிவாளர் இல்லை, பொறாமைப்படும் சொந்தக்காரர்கள் நாலு பேர் போதும் என்று உதவியாளன் வளவனுக்குத் தோன்றியது. தோன்றியதை அப்படியே வாய்விட்டும் சொன்னான். அவனுக்கு மனதுக்கும் வாய்க்கும் நடுவில் கேட் கிடையாது.

கூப்பிட்டவர் டாக்டர் கஸ்தூரி. வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் பின்பக்கம் புதிதாக முளைத்திருந்த வீடுகளில் ஒன்று அவருடைய தடுப்பூசிக் கம்பெனியின் கள அலுவலகம். வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் கம்பெனித் தலைவர் ராமகிருஷ்ணன், வெள்ளைச் சட்டையில், யாரையோ மன்னித்துவிட்டவர் போலக் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சென்னையிலிருந்து கிளம்பிவிட்டார் என்றும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கையால்தான் கொடியசைப்பு என்றும் சொன்னார்கள். அசைத்ததும் ஒரு ஜீப் ஜவ்வாது மலைக்குக் கிளம்பும். அதில் கஸ்தூரியின் மருந்து போகும்.

மருந்து தட்டம்மைக்கானது. ஆனால் ஐஸ் பெட்டி வேண்டாதது. சாதாரணத் தடுப்பூசி மருந்து ஃபிரிட்ஜை விட்டு இறங்கினால் வாடிவிடும். கரெண்ட் போகிற ஊருக்கும் ரோடு இல்லாத ஊருக்கும் அதைக் கொண்டு சேர்ப்பதற்குள் பாதி செத்துப்போகும். கஸ்தூரி அதே மருந்தை ஒருவிதச் சர்க்கரையோடு கலந்து, உலர்த்தி, கண்ணாடி மாதிரி இறுக வைத்திருந்தார். பதினோரு வருட வேலை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மலையேறலாம்.

அது நிஜமாகவே வெயில் தாங்குமா என்று பார்க்க, இந்தக் கோடை முழுக்க ஒரு பூட்டிய மாடி அறையில் மருந்தை வைத்திருந்தார்கள். மின்விசிறிகூட இல்லாத அறை. கோடை முடிந்ததும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். வைத்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது என்று முடிவு வந்தது. கம்பெனியில் லட்டு கொடுத்தார்கள். கஸ்தூரி மட்டும் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாராம்.

"கொஞ்சமாவது செத்திருக்கணும்ங்க," என்றார். "நான் செஞ்ச மருந்து எனக்குத் தெரியும். அது நல்ல மருந்துதான். ஆனா இவ்ளோ நல்ல மருந்து கிடையாது."

வளவன் வாயைத் திறந்தான். அருணாதேவி பார்த்தார். மூடிக்கொண்டான்.

கஸ்தூரி மேஜைமேல் இரண்டு பொருள்களை வைத்தார். ஒன்று மருந்துக் குப்பி. அதன் கழுத்தில் சின்ன ஸ்டிக்கர். வட்டத்துக்குள் ஒரு வெள்ளைச் சதுரம். சூடுபட்டால் சதுரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுக்கும், கறுத்தது திரும்ப வெளுக்காது. ஒரு கோடையைப் பார்த்துவிட்டு வந்த அந்தச் சதுரம் இன்றைக்குத்தான் குளித்துவிட்டு வந்தது மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. இன்னொன்று, மருந்தோடு அதே அறையில் வைத்திருந்த வெப்பம் பதியும் கருவி. சோப்புப் பெட்டி அளவு. கோடை முழுக்க அங்கே நெருப்பாய்க் கொதித்தது என்று அது சாதித்தது.

"ஒண்ணு ஸ்டிக்கர் பொய் சொல்லுது, இல்ல மெஷின் பொய் சொல்லுது," என்றார் கஸ்தூரி. ஸ்டிக்கரில்தான் கோளாறு என்று சென்னையில் முடிவுகட்டிவிட்டார்களாம். வெற்றி என்று வந்த பிறகு எதில் கோளாறு என்று முடிவுசெய்வது சுலபம்.

மருந்து உண்மையில் கெட்டுப்போகிற மருந்தாக இருந்தால் குழந்தைகளுக்கு ஏதாவது ஆகுமா என்று அருணாதேவி கேட்டார்.

"செத்த மருந்தக் குத்தினா ஒண்ணும் ஆகாது. அதான் பயமே. காய்ச்சல்கூட வராது, அம்மாக்காரி சந்தோஷமா தூக்கிட்டுப் போயிடுவா. அப்புறம் அம்மை வர்றப்பவும் அது ஒண்ணும் பண்ணாது."

அருணாதேவி கருவியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் தலையிலிருந்து பக்கவாட்டில் வெள்ளையாக ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டி, வளவனின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"பெயிண்ட்டா மேடம்?"

"காக்கா."

பூட்டிய அறைக்குள் காக்கா எப்படிப் போயிற்று என்று அருணாதேவி பொதுவாகக் கேட்டார். அந்தக் கேள்விக்கு அறையில் இருந்த ஒரே ஒருவர் மட்டும் வியர்த்தார். அவர் குமரேசன், கள உதவியாளர். மாடி அறையைப் பிடித்துக் கொடுத்ததும், வாரா வாரம் போய்ப் பார்க்க வேண்டியதும் அவர்தான்.

வாரா வாரம் பார்த்தேன் என்று அவர் சத்தியம் செய்தார். எங்கிருந்து பார்த்தீர்கள் என்று அருணாதேவி கேட்டதும், ஃபோனை எடுத்துக் காட்டினார். கருவி தன் கணக்கை ஃபோனுக்கே அனுப்பிவிடும். ரமணாசிரமம் பக்கம் மூணாவது மாடி, செங்குத்துப் படி, லிஃப்ட் இல்லை. ஃபோன் இருக்கும்போது மனிதன் ஏன் ஏறணும் என்ற நியாயத்தை அவர் முகம் கேட்டது. அறைச் சாவி, அலமாரிச் சாவி இரண்டையும் முதல் நாளே வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டாராம். கோடை முடிந்ததும் வீட்டுக்காரரே மருந்தையும் கருவியையும் கீழே கொண்டுவந்து கேட்டிலேயே கொடுத்துவிட்டாராம். ரொம்ப நல்ல மனுஷராம்.

"நல்ல மனுஷங்கள முதல்ல பார்த்துடலாம்," என்று அருணாதேவி எழுந்தார்.

செங்கம் ரோட்டில் அவருடைய ஸ்கூட்டர் போகிற வேகத்தில் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு ஆன்மிகம் தானாக வந்துவிடும். போகிற வழியில் வளவன் தன் துப்புகளைச் சொன்னான். போட்டிக் கம்பெனிக்காரன் குமரேசனை விலைக்கு வாங்கி, மருந்தை ரகசியமாக ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லியிருக்கிறான் என்றான். போட்டிக் கம்பெனிக்காரன் எதற்கு இவர்களை ஜெயிக்க வைக்கிறான் என்று அருணாதேவி கேட்டார். அதற்குள் ஆசிரமம் வந்துவிட்டதால் வளவன் தப்பித்தான்.

சந்துக்குள் மூன்று மாடி வீடு. கத்திரி முடிந்து எத்தனையோ நாளாகியும் வெயிலுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. தெருவில் வேப்பங்கன்றுகூட வாடி நின்றது. ஆனால் அந்த வீட்டின் பின்சுவரை ஒட்டி மட்டும் பொன்னாங்கண்ணிக் கீரை புதர் மாதிரி தழைத்துக் கிடந்தது. ஒரு பசு அதை மேய்ந்துகொண்டே இவர்களைப் பொருட்படுத்தாமல் பார்த்தது. மேலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

வளவன் நெகிழ்ந்துபோனான். "மேடம், மலையடிவாரத்துல சுனை."

"சுனை இல்லடா. ஒன்றரை டன்."

அவர் விரல் காட்டிய திசையில் ஒரு பிளாஸ்டிக் குழாய் சுவரோடு ஏறி, மூணாவது மாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்த ஏசி பெட்டியில் போய் முடிந்தது.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்தான் வீட்டுக்காரர் அப்பாசாமி. நெற்றியில் பட்டை விபூதி, மடியில் சாவிக்கொத்து. அருணாதேவி தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பி, மனசு சரியில்லை, கொஞ்ச நாள் அமைதியாக இருக்க ரூம் வேண்டும் என்று வளவனை முன்னால் தள்ளினார். வளவன் மனசு சரியில்லாதவன் போல நின்றான். அதற்கு அவன் அதிகம் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

"எத்தினி நாளு தியானம் தம்பி?"

"லீவு தீர்ற வரைக்கும்."

அப்பாசாமிக்குத் திருப்தி. மலை தெரியும் ரூம் இருக்கிறது, ஏசி ரூம், இந்தக் கோடையில் ஒரு நாள்கூட காலியாக இருந்ததில்லை, இப்போதுதான் ஒருத்தர் காலி செய்துவிட்டுப் போனார், தம்பிக்கு யோகம் என்று சொல்லிக்கொண்டே படியேறினார். குமரேசன் ஏறாததற்கு அந்தப் படி மேல் பழி சொல்ல முடியாது. மூச்சு வாங்கியது, அவ்வளவுதான்.

கதவைத் திறந்ததும் மார்கழி வந்து முகத்தில் மோதியது. கட்டில், பாய், ஜன்னல் நிறைய மலை. மூலையில் ஓர் இரும்பு அலமாரி. அதன் கதவில் குறுக்கே மூன்று விபூதிப் பட்டை, நடுவில் குங்குமம், உச்சியில் மலைப் படம், அதன் முன்னால் ஊதுபத்திச் சாம்பல்.

உள்ளே யார் குடியிருக்கிறார் என்று வளவன் கேட்டான்.

"ஒண்ணுமில்ல தம்பி, மருந்துக் கம்பெனிக்காரங்க வச்சது. போன மாசந்தான் மருந்த எடுத்துனு போனாங்க, அலமாரிய எடுத்துனு போவல. வர்றவங்க சாமின்னு நெனச்சு கும்பிட ஆரமிச்சுட்டாங்க. கும்பிடறத வேணாம்னு எப்படிச் சொல்றது?"

அருணாதேவி அப்போதுதான் தன் கார்டை எடுத்து நீட்டினார். அப்பாசாமி அதை இரண்டு பக்கமும் படித்தார். பயப்படுவார் என்று வளவன் எதிர்பார்த்தான். அவர் கட்டிலில் உட்கார்ந்து, நடந்ததை ஒரு பெருமையோடு சொன்னார்.

கம்பெனிக்காரர்கள் ரூமை வாடகைக்கு எடுத்தார்கள். ஓர் அலமாரியை மூலையில் வைத்தார்கள். போனார்கள். ஆள் வரவே இல்லை. அலமாரிக்கு வேண்டியது ஒரு மூலை. மிச்ச ரூம் சும்மா கிடக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி படுக்க இடமில்லாமல் ஜனம் பஸ் ஸ்டாண்டில் புரளுகிற ஊரில், மலை தெரிகிற ரூமைப் பூட்டி வைத்தால் அது பாவம். பாவத்துக்கு அஞ்சித்தான் வாடகைக்கு விட்டார். வெயில் ஜாஸ்தி என்று வந்தவர்கள் சொன்னதால் ஏசியும் மாட்டினார்.

"மருந்துக்கும் நல்லதாச்சேன்னுதான்," என்றார். "மருந்துன்னா குளிர்ச்சியா இருக்கணும்னு சின்னப் பசங்களுக்குக்கூட தெரியும். இவங்க இன்னாடான்னா அடுப்பு மாதிரி ரூம்ல வச்சிட்டுப் போயிட்டாங்க. படிச்சவங்க, மறந்துட்டாங்க போலன்னு நானே என் செலவுல பாத்துக்கினேன். ஒரு பைசா கேட்டேனா?"

வளவன் துப்பறியும் தொழிலுக்கு வந்ததிலிருந்து எத்தனையோ குற்றவாளிகளைப் பார்த்திருக்கிறான். நன்றியை எதிர்பார்த்து நிற்கும் குற்றவாளியை இப்போதுதான் பார்த்தான்.

கருவியைப் பற்றி அருணாதேவி கேட்டார். அதுவா, அது அடிக்கடி கீச்கீச்சென்று கத்துகிறது, தங்குகிறவர்கள் கண்ணை மூடி உட்கார முடியவில்லை என்றார் அப்பாசாமி. முக்கியமாக ஒரு பெரியவர், பௌர்ணமி தவறாமல் வருகிறவர், ஒன்று அது இருக்கட்டும் இல்லை நான் இருக்கிறேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.

"அது வாடகை தராது. அவரு தராரு. தூக்கி மொட்டை மாடில ஆணில மாட்டிட்டேன்."

அந்த ஆணியைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி வளவனை அனுப்பினார் அருணாதேவி. மொட்டை மாடித் தரை அவன் செருப்பைத் தாண்டிச் சுட்டது. கொடியில் காயும் காவி வேட்டிக்குப் பக்கத்தில் ஆணி. ஆணிக்கு மேல் கைப்பிடிச் சுவரில் காக்கா. சுவர் நெடுக வெள்ளைக் கோடுகள். காக்கா அவனை, வாடகை பேசாமல் உள்ளே நுழைந்த ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தது. ஆக, கருவி பொய் சொல்லவில்லை. ஸ்டிக்கரும் பொய் சொல்லவில்லை. ஒன்று வெயிலில் நின்று வெயிலைச் சொன்னது. இன்னொன்று ஏசியில் படுத்து ஏசியைச் சொன்னது. ஒரு கோடை முழுக்க வெந்தது அந்தச் சோப்புப் பெட்டி மட்டும்தான்.

அவன் இறங்கி வந்தபோது அருணாதேவி கீழ் ஹாலில், சுவரில் மாட்டியிருந்த போட்டோக்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். தங்கிப்போன பெரிய மனிதர்களோடு அப்பாசாமி எடுத்துக்கொண்டவை. என்ன மேடம் என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, அப்பாசாமி அண்ணனும் நம்மோடு வேங்கிக்கால் வருகிறார் என்றார். ஸ்கூட்டரில் மூன்று பேர் போவது சட்டப்படி தப்பு என்பதால் வளவன் ஷேர் ஆட்டோவில் வந்தான்.

கஸ்தூரியிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள். அவர் குப்பியை எடுத்து அந்த வெள்ளைச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஜீப்புக்கு மாவிலை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இத வேற யார்கிட்டயும் சொல்லலையே?" என்றார் மெதுவாக.

இல்லை என்றார் அருணாதேவி.

வளவனுக்கு அப்போது சொல்ல ஒரு ஜோக்கும் கிடைக்கவில்லை. மருந்து தாங்கவும் தாங்கலாம். தாங்காது என்று யாரும் நிரூபிக்கவில்லை. சொன்னால் பதினோரு வருடம் திரும்ப மேஜைக்கே வந்துவிடும், கம்பெனி காத்திருக்காது. சொல்லாவிட்டால் ஜீப் கிளம்பும். கஸ்தூரியின் முகத்தில் அந்த இரண்டும் மாறி மாறி வந்து போனதை அவன் பார்த்தான். பார்க்காத மாதிரி மின்விசிறியைப் பார்த்தான்.

கஸ்தூரி குப்பியை மேஜைமேல் வைத்தார். "வாங்க," என்று எழுந்து நடந்தார்.

வாசலில் ராமகிருஷ்ணன் வந்து இறங்கியிருந்தார். ஃப்ளெக்ஸில் இருந்த அதே சட்டை, அதே மன்னிப்பு. ஜீப்பின் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. கஸ்தூரி அவரைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னார். தனியாக என்றாலும் அவர் குரல் நடுங்கவில்லை, அதனால் எல்லோருக்கும் கேட்டது.

ராமகிருஷ்ணன் பொறுமையாகக் கேட்டார். பிறகு, ஸ்டிக்கர் கோளாறு ஏற்கனவே முடிவான விஷயம், யாரோ வீட்டுக்காரர் சொல்லும் கதைக்காக நிறுத்த முடியாது, ஏசி ஓடியதற்கு என்ன அத்தாட்சி, அந்த ரூமுக்குள் போய்ப் பார்த்தவர் யார் என்றார். கஸ்தூரிக்கு ஓய்வு தேவைப்படுகிறது என்றும், வேறு ஒருவர் இந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றும் அன்போடு சொன்னார். கொடியைக் கையில் வாங்கினார்.

அருணாதேவி எதிர்ப்பக்க வேப்பமரத்தடியில் காத்திருந்தவரைப் பார்த்துக் கையசைத்தார். அப்பாசாமி வந்தார். ராமகிருஷ்ணனைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்து, சாவிக்கொத்து குலுங்க ஓடிவந்து கும்பிட்டார்.

"சார், நீங்களா? இன்னா சார் இந்தப் பக்கம்? வர்ற பௌர்ணமிக்கு அதே ரூம்தானே? ஏசிய சர்வீஸ் பண்ணி வச்சிருக்கேன் சார்."

கொடி பாதியில் நின்றது.

ரூமுக்குள் போய்ப் பார்த்தவர் இருக்கிறாரே, அண்ணன் வீட்டு ஹாலில் போட்டோகூட மாட்டியிருக்கிறதே என்று அருணாதேவி அடக்கமாகச் சொன்னார். ராமகிருஷ்ணனுக்கு அந்த இடம் அறிக்கைகளில் வெறும் சோதனை அறை. சோதனை அறை எந்தத் தெருவில் இருக்கிறது என்று அவர் கேட்டதில்லை. பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றிவிட்டு, தன் மருந்துக்குப் பக்கத்தில், தன் கம்பெனி வாடகை கட்டிய ரூமுக்குத் தானும் வாடகை கட்டி, போர்வை போர்த்தித் தூங்கியிருக்கிறார்.

அப்பாசாமி இன்னும் முடிக்கவில்லை. "கத்தற மெஷின சார் சொன்ன அன்னிக்கே வெளிய மாட்டிட்டேன். அந்த அலமாரிக்கு மொதல்ல விபூதி பூசினதே சார்தான்," என்று கூட்டத்துக்கு அறிமுகம் செய்துவைத்தார்.

எத்தனை வருடம் கண்மூடி உட்கார்ந்தும் கைகூடாத அசைவற்ற நிலை ராமகிருஷ்ணனுக்கு அந்த நிமிடம் கைகூடியது. சுற்றி நின்றவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. குமரேசன் மட்டும் முதல் தடவையாக ஃபோனைப் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறக்குங்க," என்றார் ராமகிருஷ்ணன் கடைசியில்.

பெட்டிகள் இறங்கின. மலையில் குழந்தைகளோடு காத்திருப்பார்கள், வெறும் ஜீப் போகக் கூடாது என்றார் கஸ்தூரி. உள்ளே ஃபிரிட்ஜில் இருந்த வழக்கமான தடுப்பூசி மருந்தை ஐஸ் பெட்டிகளில் அடுக்கி அவரே ஏற்றினார். எலுமிச்சம்பழத்தை மாற்ற வேண்டுமா என்று டிரைவர் கேட்டார்; வேண்டாம், மருந்து மட்டும் மாறினால் போதும் என்றார்கள். பழம் நசுங்க ஜீப் கிளம்பியது. கொடியை அசைக்க எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

ஜீப் வளைவில் மறையும்வரை கஸ்தூரி பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, எனக்கு இன்னொரு கோடை வேண்டும் என்றார். கேட்கிற குரல் இல்லை அது. ராமகிருஷ்ணன் அருணாதேவியைப் பார்த்தார், அப்பாசாமியைப் பார்த்தார், சரி என்றார்.

இனி ரூம்தான் பிரச்சினை. அடுப்பாய்க் கொதிக்க வேண்டும். மலை தெரியக் கூடாது. யாரும் ஆசைப்பட்டு வாடகைக்குக் கேட்கக் கூடாது. ஏசி மாட்ட நினைத்தாலும் மாட்ட முடியக் கூடாது. அப்படி ஓர் இடம் இந்த ஊரில் எங்கே இருக்கிறது என்று கஸ்தூரி கேட்டார். அருணாதேவி யோசிக்கவே இல்லை. அடி அண்ணாமலையில் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் கூரை ரூம் இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், நாற்காலியில் ஏறாமலே கூரை தலையில் சுடும் என்றார். அலமாரிக்குக் காவலாக ராத்திரி பகல் கூடவே இருக்க ஆளும் உண்டாம்.

"மேடம், அது நான் குடியிருக்கிற ரூம்," என்றான் வளவன்.

அதனால்தான் சொல்கிறேன் என்றார் அருணாதேவி.

மருந்து வெயிலைத் தாங்குமா என்பது அடுத்த கோடையில் தெரிந்துவிடும். வளவன் தாங்குவானா என்பதை ஆராய யாரும் முன்வரவில்லை.